இரண்டு கேபிள் இருந்தால் இரண்டு பாதை ஆகிவிடுமா? சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவில் நடப்பது என்ன

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. "அண்ணா, எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு ஷேர்டு ஸ்டோரேஜ் வாங்கியிருக்காங்க. ஒவ்வொரு சர்வர்ல இருந்தும் அதுக்கு ரெண்டு கேபிள் போகுது. ஒண்ணு போதாதா? ரெண்டு இருக்கிறதால நாங்க சேஃப்னு சொல்லலாமா?"

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று போதாதா என்பதற்கு, சில இடங்களில் போதும், பல இடங்களில் போதாது என்று சொல்லிவிடலாம். இரண்டு இருந்தால் சேஃபா என்பதுதான் பெரிய கேள்வி. கேபிள் இரண்டு இருப்பது வேறு, பாதை இரண்டு இருப்பது வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் இன்றைக்கு நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

டிஸ்க் வெளியே போனால் என்ன ஆகும்?

சாதாரண சர்வரில் டிஸ்க் உள்ளேயே இருக்கும். ஷேர்டு ஸ்டோரேஜில் அப்படி இல்லை. டிஸ்க்குகள் எல்லாம் தனியாக ஒரு பெட்டியில் இருக்கும். பல சர்வர்கள் அந்தப் பெட்டியோடு இணைந்திருக்கும். இணைப்பு ஃபைபர் சேனலாக இருக்கலாம், அல்லது சாதாரண ஈதர்நெட் மேலே ஓடுகிற ஐஸ்கஸியாக இருக்கலாம். பெட்டிக்குள் இருக்கிற இடத்தைத் துண்டு போட்டு, 'இந்தா, இது உனக்கு' என்று ஒவ்வொரு சர்வருக்கும் கொடுப்போம். அந்தத் துண்டுக்குப் பெயர் லன்.

சர்வரைப் பொறுத்தவரை, லன் என்பது தன் வயிற்றுக்குள் இருக்கிற ஒரு டிஸ்க் மாதிரிதான். நடுவில் 20 மீட்டர் கேபிள் இருக்கிறது, ஒரு ஸ்விட்ச் இருக்கிறது என்பதெல்லாம் ஃபைல் சிஸ்டத்துக்கும் டேட்டாபேஸுக்கும் தெரியாது. வெப் பிரவுசருக்கு நெட்வொர்க் போய்ப் போய் வரும் என்று தெரியும், அதனால் திரும்ப முயற்சி பண்ணும். டிஸ்க் திடீரென்று காணாமல் போகும் என்று எந்த டேட்டாபேஸும் எதிர்பார்த்து எழுதப்படவில்லை.

ஒரே பாதை அறுந்தால்

ஒரே பாதை என்றால் அதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். சர்வரில் இருக்கிற ஹெச்பிஏ கார்டு, அதில் சொருகியிருக்கிற டிரான்ஸ்சீவர், ஒரு கேபிள், ஸ்விட்ச், ஸ்விட்சின் இரு பக்கமும் டிரான்ஸ்சீவர்கள், இன்னொரு கேபிள், கடைசியில் ஸ்டோரேஜ் பெட்டியின் கன்ட்ரோலர். இதில் எது போனாலும் டிஸ்க் போச்சு.

போனால் லினக்ஸ் என்ன பண்ணும்? உடனே தோல்வி என்று சொல்லிவிடாது, காத்திருக்கும். ஒரு ஸ்கஸி கட்டளைக்கு அது கொடுக்கிற இயல்பான காலக்கெடு 30 விநாடி. ஐஸ்கஸியாக இருந்தால், அறுந்த தொடர்பு திரும்ப வரும் என்று இயல்பாக 120 விநாடி வரை பொறுத்திருக்கும். அதற்கும் பிறகு, எழுத முடியவில்லை என்று பிழையை மேலே அனுப்பும். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டமாக இருந்தால், ஜர்னல் எழுத முடியாத நிலையில் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாறிக்கொள்ளும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். மேலே ஓடுகிற டேட்டாபேஸ் நின்றுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கழன்ற கேபிளைத் திரும்பச் சொருகினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாது. ஃபைல் சிஸ்டத்தை அன்மவுன்ட் பண்ணி, சோதித்து, திரும்ப மவுன்ட் பண்ணி, டேட்டாபேஸைக் கிளப்பி, அது தன் பதிவுகளைச் சரிபார்த்து முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். கேபிள் கழன்று இருந்தது மூன்று நிமிடம்தான், ஆனால் வேலை நின்றது மூன்று மணி நேரம் என்று ஆகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பாதை வருடத்தில் 99 சதவீத நேரம் வேலை செய்கிறது என்று சும்மா கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருடத்துக்கு 3 நாள் 15 மணி நேரம் அது வேலை செய்யாது. இப்போது அதே மாதிரி இரண்டு பாதை. இரண்டும் ஒரே நேரத்தில் போவதற்கான வாய்ப்பு 1 சதவீதத்தில் 1 சதவீதம், அதாவது 0.01 சதவீதம். வருடத்துக்குச் சுமார் 53 நிமிடம். மூன்றரை நாள் எங்கே, 53 நிமிடம் எங்கே!

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று போவதற்கும் மற்றது போவதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில் போய்ச் சேர்ந்தால், அந்த ஸ்விட்ச் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது. இன்றைய எபிசோடின் சாரமே இந்த நிபந்தனைதான்.

உண்மையான இரண்டு பாதை எப்படி இருக்கும்?

ஃபைபர் சேனலில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இப்படிச் செய்வார்கள். சர்வரில் இரண்டு ஹெச்பிஏ கார்டு. முதல் கார்டிலிருந்து ஸ்விட்ச் ஏ, இரண்டாவதிலிருந்து ஸ்விட்ச் பி. இந்த இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் கேபிளே போட மாட்டார்கள். இதைத்தான் ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி என்பார்கள். ஏன் இணைப்பதில்லை? ஒன்றில் தப்பான ஜோனிங் கட்டளையைக் கொடுத்தால், அந்தத் தப்பு மற்றதற்குப் பரவக் கூடாது. அதற்காகத்தான். ஸ்டோரேஜ் பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர் இருக்கும். ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் கேபிள் போகும். ஆக, ஒரு சர்வரிலிருந்து ஒரு லன்னுக்கு நான்கு வழி.

இப்போது ஒரு வேடிக்கை. சர்வரைக் கிளப்பிப் பார்த்தால் ஒரு டிஸ்க் இருக்காது, நான்கு டிஸ்க் இருக்கும்! எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று வரிசையாக. நான்கும் ஒரே லன்தான். ஒரு வீட்டுக்கு நான்கு தெரு வழியாக வந்துவிட்டு, நான்கு வீடு இருக்கிறது என்று நினைப்பது போல. இது தெரியாத ஒருவர் எஸ்டிபியில் டேட்டா இருக்கும்போதே, எஸ்டிசி காலியாகத்தானே இருக்கிறது என்று அதை ஃபார்மேட் பண்ணினால் முடிந்தது கதை. பாதுகாப்புக்காகப் போட்ட இரண்டாவது கேபிளே டேட்டாவை அழித்துவிடும்.

அதனால்தான் நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். லினக்ஸில் அதற்குப் பெயர் டிவைஸ் மேப்பர் மல்டிபாத். விண்டோஸ் சர்வரில் எம்பிஐஓ என்று ஒரு வசதி, அதை நாம்தான் சேர்க்க வேண்டும், தானாக வராது. விஎம்வேரில் உள்ளேயே இருக்கிறது. இவை ஒவ்வொரு டிஸ்க்கிடமும் 'உன் அடையாள எண் என்ன?' என்று கேட்கும். நான்கும் ஒரே எண்ணைச் சொன்னால், நான்கையும் கட்டி ஒரே டிஸ்காகக் காட்டும். லினக்ஸில் அது எம்பாத்ஏ என்ற மாதிரிப் பெயரில் வரும். அதற்குப் பிறகு நாம் அந்தப் பெயரை மட்டும்தான் தொட வேண்டும். எஸ்டிபி, எஸ்டிசி பக்கம் போகவே கூடாது.

பாதை போனால் மல்டிபாத் என்ன பண்ணும்?

பின்னணியில் ஒரு சேவை ஓடிக்கொண்டே இருக்கும். இயல்பாக 5 விநாடியில் ஆரம்பித்து, எல்லாம் சரியாக இருந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு பாதை வழியாகவும் 'தயாரா?' என்று கேட்கும். பதில் வராத பாதையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதில் போன வேலையை மற்ற பாதைக்குத் திருப்பிவிடும். மேலே இருக்கிற டேட்டாபேஸுக்குச் சில விநாடி தாமதம் தெரியும், அவ்வளவுதான். பாதை திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்ளும்.

இங்கே இரண்டு அமைப்புகளைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஐஸ்கஸியின் அந்த 120 விநாடி. ஒரே பாதைக்கு அது நியாயம், வேறு போக்கிடம் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். மல்டிபாத் இருக்கும்போது அது வீண் காத்திருப்பு. பக்கத்துப் பாதை திறந்திருக்கும்போது மூடிய கதவு முன்னால் எதற்கு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்? அதனால் மல்டிபாத் போடும்போது இதை 5 விநாடி மாதிரிக் குறைத்து வைப்பது வழக்கம்.

இரண்டாவது, எல்லாப் பாதையும் போய்விட்டால் என்ன செய்வது என்பது. 'நோ பாத் ரீட்ரை' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் 'ஃபெயில்' என்று வைத்தால் உடனே பிழை போகும். 'கியூ' என்று வைத்தால் பாதை வரும்வரை எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி வைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பாதை வரவே இல்லை என்றால் புரோகிராம்கள் அப்படியே உறைந்து நிற்கும். கில் பண்ணவும் முடியாது, சில நேரம் ஒழுங்காக ரீபூட் கூடப் பண்ண முடியாது. கிளஸ்டரில் இது இன்னும் ஆபத்து, மற்ற சர்வர் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் இது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவாக ஒரு எண்ணைக் கொடுக்கலாம். 5 விநாடி இடைவெளியில் 12 என்று கொடுத்தால், சுமார் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடும். உங்கள் ஸ்டோரேஜ் தயாரித்த நிறுவனம் பரிந்துரைக்கிற அளவு ஒன்று இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

இரண்டு எங்கே ஒன்றாகிவிடுகிறது?

இப்போது நேயரின் ஆபீஸுக்கு வருவோம். இரண்டு கேபிள் இருக்கிறது. இரண்டும் எங்கே ஒன்று சேர்கிறது என்று விரலால் தொட்டுத் தேட வேண்டும். நான் வழக்கமாகப் பார்க்கிற இடங்கள் இவை.

கார்டு: இரண்டு கேபிளும் ஒரே கார்டின் இரண்டு போர்ட்டில் இருக்கிறதா? கார்டு போனால் இரண்டும் போகும். செலவு கருதி இதை ஏற்றுக்கொள்கிறவர்கள் உண்டு, தெரிந்து ஏற்றுக்கொண்டால் சரி.

மின்சாரம்: ஸ்விட்ச் ஏயும் ஸ்விட்ச் பியும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இருக்கிறதா? அப்படியானால் ஒரு பிரேக்கர் விழுந்தால் போதும்.

வழி: இரண்டு கேபிளும் ஒரே பைப்பில் ஓடுகிறதா? இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் மண்ணுக்குள் போகிறது என்றால், பள்ளம் தோண்டுகிறவருக்கு ஏ கேபிள், பி கேபிள் என்று வித்தியாசம் தெரியாது.

ஸ்டாக் ஸ்விட்ச்: ஐஸ்கஸி போடுகிற இடங்களில் இரண்டு ஈதர்நெட் ஸ்விட்சை ஸ்டாக் பண்ணியிருப்பார்கள். பார்க்க இரண்டு பெட்டி, ஆனால் மூளை ஒன்று. மென்பொருளை அப்டேட் பண்ணும்போது இரண்டும் சேர்ந்து ரீபூட் ஆகலாம்.

பான்டிங்: இரண்டு நெட்வொர்க் போர்ட்டையும் கட்டி ஒரே இணைப்பாக்கி அதன் மேலே ஐஸ்கஸி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் ஒரு செஷன் ஏதாவது ஒரு கேபிளில்தான் போகும், மல்டிபாத்துக்கு ஒரே பாதைதான் தெரியும். பான்டிங் போடாமல், இரண்டு தனி சப்நெட், இரண்டு தனி செஷன் வைத்து, தேர்ந்தெடுக்கிற வேலையை மல்டிபாத்திடம் விடுவதே வழக்கமான நல்ல முறை.

சுமை: இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பாதையிலும் தலா 70 சதவீதம் சுமை ஓடுகிறது. ஒன்று போனால் மிச்சம் இருப்பதன் மேல் 140 சதவீதம் விழும். அது தாங்காது. நெரிசல் நேரத்திலும் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே இருந்தால்தான் இரண்டாவது பாதை மாற்று. இல்லையென்றால் அது மாற்று இல்லை, வெறும் அகலப்படுத்திய சாலை.

சத்தமில்லாமல் போகிற பாதை

மல்டிபாத்தின் பெரிய குறை, அது தன் வேலையை நன்றாகச் செய்வதுதான். ஒரு பாதை போனால் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இன்னொரு டீமின் டேட்டாபேஸ் சர்வருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஸ்விட்ச் பியில் ஃபர்ம்வேர் அப்டேட். 'ரெண்டு ஃபேப்ரிக் இருக்கே, பியை நிறுத்தினா ஏ ஓடும்' என்று தைரியமாக ஆரம்பித்தார்கள். மற்ற சர்வர்கள் எல்லாம் ஓடின. மாதக் கடைசி பில்லிங் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு சர்வர் மட்டும் டிஸ்கை இழந்து நின்றது. தேடிப் பார்த்தால், சில மாதங்களுக்கு முன்னால் அதில் ஏ பக்கத்து ஹெச்பிஏ கார்டு பழுதாகி மாற்றியிருக்கிறார்கள். புதுக் கார்டுக்குப் புது அடையாள எண். அந்த எண்ணை ஸ்விட்ச் ஏயின் ஜோனிங்கில் யாரும் சேர்க்கவில்லை. கார்டில் பச்சை விளக்கு எரிந்தது, கேபிள் சொருகியிருந்தது, ஆனால் அந்தப் பக்கம் பாதையே இல்லை. மாதக்கணக்கில் அந்தச் சர்வர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது. விடிகிற வரை டேட்டாபேஸை மீட்டார்கள். பில்லிங்கை முதலிலிருந்து ஓட்டினார்கள்.

கண்காணிப்பு இல்லாமலா இருந்தது? இருந்தது. 'பழுது' என்று ஏதாவது பாதை சொன்னால் மெயில் அனுப்பும்படி வைத்திருந்தார்கள். ஆனால் ரீபூட் ஆன பிறகு, ஜோனிங்கில் இல்லாத பாதை பழுது என்று வராது. அது பட்டியலிலேயே இருக்காது. நான்கு வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரி, இரண்டுமே 'நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால், பழுதான பாதை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பாதை இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா என்று எண்ணுங்கள். லினக்ஸில் 'மல்டிபாத்' என்று அடித்து, இடைவெளி விட்டு, மைனஸ் குறியோடு இரண்டு 'எல்' அடித்தால் ஒவ்வொரு லன்னுக்கும் எத்தனை பாதை, எது எந்த நிலையில் என்று வரும். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்குக்குக் குறைந்தால் அலாரம் அடிக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஃபர்ம்வேர் அப்டேட் மாதிரி வேலைக்கு முன்னால் எல்லா சர்வரிலும் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

பிடுங்கிப் பார்க்க வேண்டும்

சோதனை செய்யாத இரண்டாவது பாதையை நான் பாதையாகவே கணக்கில் எடுப்பதில்லை. சர்வர் வேலைக்கு வருவதற்கு முன்னால், அதில் விடாமல் எழுதுகிற ஒரு புரோகிராமை ஓடவிடுங்கள். ஏ கேபிளைப் பிடுங்குங்கள். எத்தனை விநாடி நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொருகுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. ஏ பாதைகள் எல்லாம் திரும்பவும் தயார் நிலைக்கு வந்துவிட்டன என்று பட்டியலில் பார்த்த பிறகுதான் பியைத் தொட வேண்டும். அப்புறம் ஒரு ஸ்விட்சை முழுதாக அணைத்துப் பாருங்கள். ஒரு கன்ட்ரோலரை ரீபூட் பண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 'இது நார்மலா?' என்று யாராவது கேட்டால், காட்டுவதற்குக் கையில் எண் இருக்கும்.

அப்படியானால் ஒரே பாதை எங்கேயும் கூடாதா?

அப்படி இல்லை. இரண்டாவது பாதை என்றால் இரண்டாவது ஸ்விட்ச், கார்டு, டிரான்ஸ்சீவர்கள், அதைப் பார்த்துக்கொள்கிற ஆள், எல்லாம் செலவு. சோதனைக்கு வைத்திருக்கிற சர்வருக்கு ஒரு பாதை போதும். இரவில் பேக்கப் எடுக்கிற இடம், ஒரு நாள் தவறினாலும் மறுநாள் எடுக்கலாம் என்றால் போதும். ஒரே டேட்டா மூன்று சர்வரில் பிரதி எடுத்து ஓடுகிற அமைப்புகளில், ஒரு சர்வர் போனால் மற்றவை பார்த்துக்கொள்ளும், அங்கேயும் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த டிஸ்க் மூன்று மணி நேரம் இல்லாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த நஷ்டம் ஸ்விட்ச் விலையைவிட அதிகமா? பதிலை நீங்கள் மட்டும் முடிவு பண்ணாதீர்கள். பில் போடுகிறவர்களையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பாதை இருந்தாலும் போய்ச் சேர்கிற வீடு ஒன்றுதான். டிஸ்க் போனால் காப்பது ரெய்டு. பெட்டியே எரிந்தால் காப்பது வேறு இடத்தில் இருக்கிற பிரதி. யாரோ ஃபைலை அழித்துவிட்டால் காப்பது பேக்கப். மல்டிபாத் வழியை மட்டும்தான் காக்கும்.

ஆக, கேள்வி அனுப்பிய தம்பிக்கு என் பதில் இது. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் அந்த இரண்டு கேபிளையும் சர்வரிலிருந்து ஸ்டோரேஜ் வரை கையால் தடவிக்கொண்டே போங்க. எங்கே ஒன்று சேருதுன்னு பேப்பர்ல எழுதுங்க. அப்புறம் பாதைகளை எண்ணுங்க. கடைசியா, உங்க மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கி, சோதனை சர்வர்ல ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. இந்த மூன்றும் முடிந்த பிறகு, சேஃபா இல்லையா என்று எனக்கு நீங்களே எழுதி அனுப்புங்க.